நிறுத்துகிற நாளில்தான் கூடிய கவனம் வேண்டும்
போதையும் அடிமை நிலையும்: வாசகர் கேள்வி – பதில்

கிழக்கிலங்கையின் வாகரையில் இருந்து பொத்துவில் வரை, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்றையே கேட்கின்றன: வீட்டில் ஒருவரை எப்படி நிறுத்த வைப்பது? நிறுத்தும் முறை பொருளுக்குப் பொருள் வேறு. ஐஸ் என்ற போதைப்பொருளை ஒரே நாளில் நிறுத்தலாம். நாள்பட்ட குடியை அப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பதில்களை வாசிக்க முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது. கூடவே வேறு மாத்திரை ஏதும் பாவிக்கிறாரா என்பதையும். கிளினிக்கிலும் முதலில் இவைதான் கேட்கப்படும். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற மகன் ரெண்டு நாள், மூன்று நாள் என்று நித்திரையே கொள்கிறானில்லை. பிறகு ஒரு பகலும் இரவும் எழும்பாமல் கிடக்கிறான். இப்போது கூரைக்கு மேலே ஆள் நிற்கிறது, போனுக்குள்ளால் தன்னைப் பார்க்கிறார்கள் என்கிறான். கட்டிலுக்குக் கீழே கரி பிடித்த மின்குமிழ் ஒன்று கிடந்தது. ஐஸ் என்று சொல்கிறார்கள். அடித்துக் கேட்டோம், இன்னும் மோசமாகிவிட்டது. – ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அம்மா, நீங்கள் எழுதியவை எல்லாம் ஐஸுக்குப் பொருந்துகின்றன. உள்ளே வெறுமையாக்கிய மின்குமிழ், கண்ணாடிக் குழாய், பல லைட்டர்கள், சிறிய பிளாஸ்டிக் பைகள் ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமின். புகையாக இழுத்தால் சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும். ‘இது நல்லது, திரும்பச் செய்’ என்று மூளைக்குப் பதிய வைக்கிற டோபமின் என்ற இரசாயனத்தை அது அளவுக்கு மிஞ்சிக் கொட்ட வைக்கிறது. திரும்பத் திரும்பக் கொட்டினால் மூளை தன் பக்கத்தில் அதை உணரும் திறனைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் முன்பு விரும்பிச் சாப்பிட்ட கறியும் கிரிக்கெட்டும் கூட்டாளிமாரும் அவனுக்கு இப்போது ருசிப்பதில்லை. உடலில் போன அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 10 மணித்தியாலம் எடுக்கும். மாலையில் எடுத்தவனுக்கு விடியற்காலையிலும் பாதி உள்ளே இருக்கிறது என்றால் நித்திரை எங்கிருந்து வரும்?

கூரைக்கு மேல் ஆள் நிற்பது அவனுக்கு உண்மையாகவே தெரிகிறது. அது நடிப்பும் அல்ல, பொய்யும் அல்ல. இந்த நிலையில் அடித்தால் தன்னைக் கொல்ல வருகிற கூட்டத்தில் உங்களையும் சேர்த்துவிடுவான். வாதாட வேண்டாம், ஆமென்றும் சொல்ல வேண்டாம். “எனக்கு அங்கே ஒருவரும் தெரியவில்லை மகன். ஆனா நீ நல்லாப் பயந்திருக்கிறாய். நான் இஞ்சதான் இருப்பன்” என்ற அளவு போதும். ஒருவர் மட்டும் கதையுங்கள், மற்றவர்கள் வெளியே நிற்கட்டும். ரீவியை நிறுத்தி வெளிச்சத்தைக் குறையுங்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். வெளியேற வழி இருந்தால் பதற்றம் குறையும். கத்தி, மண்வெட்டிகளைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். உடம்பு கொதித்தால், நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால், அல்லது யாரையாவது தாக்க எழுந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு நாள் நீண்ட நித்திரை, பிறகு அடங்காத பசி. அதைக் குழப்ப வேண்டாம். இடையிடையே எழுப்பித் தண்ணீரும் சோறும் கொடுத்தால் போதும். எங்களுக்கு அதைவிடப் பயம் தருவது பின்னால் வரும் நாட்கள்தான். எதிலும் பிடிப்பில்லாத கடும் மனச்சோர்வு வரும், உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். வட்டைக்கு (வயலுக்கு) வாங்கிய பூச்சி மருந்து, களைகொல்லிப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் இன்றே வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். இதை நாளைக்கென்று விடாதீர்கள்.

ஐஸின் ஆசையை அடக்கவென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து எதுவும் இல்லை. சந்தேகமும் மாயக் காட்சியும் தணிய வைத்தியர் சில வாரங்களுக்கு மருந்து தருவார். அவை பெரும்பாலானோருக்குச் சில நாள் தொடங்கிச் சில வாரத்துக்குள் அடங்கும். ஒரு மாதம் கடந்தும் நின்றால் வேறு மனநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவருக்கு மீண்டும் பாவித்தால் குறைந்த அளவிலேயே அது திரும்பும். மிச்சமெல்லாம் உளவளத்துணைதான். அதில் நன்கு பலன் கண்ட முறை ஒன்று உண்டு: வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, சுத்தமாக இருந்தால் அன்றே ஒரு சிறு பரிசு. ஐஸ் சிறுநீரில் ஏறக்குறைய 2 முதல் 4 நாள் தெரியும். அதனால்தான் வாரம் இருமுறை. பரிசைக் காசாகக் கொடுக்காதீர்கள். பிடித்த சாப்பாடு, ஒரு சேர்ட், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்கு ஒரு பயணம் என்று இருக்கட்டும். தவறினால் அன்றைக்குப் பரிசு இல்லை, அவ்வளவுதான். ஏச்சும் அடியும் வேண்டாம்.

*

கேள்வி: என் கணவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். விடிய எழும்பினால் கை நடுங்கும், கசிப்பு (கள்ளச் சாராயம்) உள்ளே போனால்தான் நிற்கும். கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறக்கிற நாளோடு விடுகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். போன வருடமும் அப்படி நிறுத்தி, ரெண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஊருது என்றார். பேய் பிடித்தது என்று நூல் கட்டினோம். திரும்பக் குடித்ததும் சுகமாகிவிட்டார். இந்த முறை அறையில் பூட்டி வைக்கலாமா? – வாழைச்சேனை

பதில்: பூட்டி வைக்கவே வேண்டாம் தங்கச்சி. நேர்த்தி நல்லது, நாளும் நல்லது. அந்த நாளை அவர் வைத்தியசாலைக் கட்டிலில் தொடங்க வேண்டும்.

சாராயம் மூளையின் வேகத்தை அடக்கும். தினமும் அடக்கப்படும் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று குடி நின்றால் அடக்குவது போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, ஓங்காளம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு. 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் இடம், ஆள், நேரம் தெரியாத குழப்பம், காய்ச்சல், சுவரில் பாம்பு, உடம்பில் பூச்சி. போன வருடம் உங்கள் வீட்டில் நடந்தது வரிக்கு வரி இதுதான். குடித்ததும் சுகமானது பேய் போனதால் அல்ல, இழந்த அடக்கம் திரும்பக் கிடைத்ததால். நூல் கட்டுவதை நாங்கள் தடுக்கவில்லை, வார்ட்டில் இருந்து வந்த பிறகு கட்டுங்கள். சிகிச்சை இல்லாமல் இந்த நிலையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கி வருபவருக்கு ஒவ்வொரு முறையும் கடுமை கூடும். ஒருமுறை வலிப்பு வந்தவர் வீட்டில் நிறுத்தவே கூடாது.

செய்ய வேண்டியது இது. சடங்குக்கு இரண்டு கிழமைக்கு முன் உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போய், நேர்த்தியையும் போன வருட வலிப்பையும் சொல்லி, அந்த நாளை ஒட்டி வார்ட்டில் சேரக் கேளுங்கள். அதுவரை குடியைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். சோறு, முட்டை, மீன் வயிற்றுக்குள் போகட்டும். சிலர் வீட்டிலேயே அளந்து குறைக்கப் பார்க்கிறார்கள். கசிப்பில் அது சரிவராது, ஒரு பரல் கோடாவில் (புளிக்க வைத்த ஊறலில்) இருந்து வடித்ததும் அடுத்த பரலில் வடித்ததும் ஒரே காரம் இல்லை. கடைச் சாராயம் என்றால் 180 மில்லி கால் போத்தலில் 47 கிராம் அளவுக்கு மதுசாரம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லலாம். கசிப்புக்கு அந்தக் கணக்கும் இல்லை.

வார்ட்டில் டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் என்ற மருந்தை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதற்கு முன் விற்றமின் பி1, அதாவது தயமின் ஊசி. நாள்பட்ட குடியில் தயமின் வறண்டு போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சத் தயமினும் தீர்ந்து, கண் அசைவு குழம்பி, நடை தள்ளாடி, ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். ஆகவே களைப்பாக இருக்கிறார் என்று தனியார் இடத்தில் சேலைன் ஏற்றும்போதும், அவர் குடிக்கிறவர் என்பதை முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாத இடம் அது.

வலிப்பு வந்தால் இரும்போ திறப்போ கையில் கொடுக்க வேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்குக் கீழ் துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். குடி நிறுத்தியவருக்கு வந்த வலிப்பென்றால் அது தானாக நின்றாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்.

*

கேள்வி: குடியை மறக்கடிக்கிற மாத்திரையை, குடிக்கிறவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாமா? – களுவாஞ்சிகுடி

பதில்: கூடாது. அது பெரும்பாலும் டைசல்பிரம் என்ற மாத்திரையாக இருக்கும். அது குடியை மறக்கடிப்பதில்லை. மதுசாரம் உடலில் உடைபடும்போது நடுவில் தோன்றும் ஒரு நச்சுப் பொருள் கழியாமல் தேங்க வைக்கிறது. மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் 10 முதல் 30 நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதய நோயுள்ளவர் இறந்தும் போகலாம். குடித்தால் இப்படி வரும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மருந்து வேலை செய்கிற வழி. தெரியாதவருக்குக் கொடுப்பது நஞ்சு கொடுப்பதற்குச் சமம். கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணித்தியாலம் கழித்தே, ஈரலும் இதயமும் பார்த்து, அவர் சம்மதத்தோடு தொடங்குவார்கள். நிறுத்திய பின்னும் 2 கிழமை வரை அதன் தாக்கம் நிற்கும். ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால் இன்றே அவரிடமும் வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: காக்கா (மூத்த சகோதரர்) வருசம் முழுக்க கஞ்சா பாவிக்கிறார். நோன்பு தொடங்கினால் தொடுவதே இல்லை. பெருநாள் இரவே திரும்பத் தொடங்கிவிடுவார். ஒரு மாதம் விட முடிகிற ஆளை அடிமை என்று எப்படிச் சொல்வது? – ஏறாவூர்

பதில்: ஒரு மாதம் விட முடிவதால் அடிமை நிலை இல்லையென்று ஆகாது. மனநல வைத்தியர்கள் கடைசி 12 மாதத்தைப் பார்த்து 11 அறிகுறிகளை எண்ணுவார்கள்: நினைத்ததைவிடக் கூடப் பாவிப்பது, விட முயன்று தோற்பது, தேடுவதிலும் தெளிவதிலும் நேரம் போவது, அடங்காத ஆசை, வேலை கெடுவது, உறவு கெட்டும் தொடர்வது, ஆபத்தான வேளையிலும் பாவிப்பது, அளவு கூடிக்கொண்டே போவது, நிறுத்தினால் உடம்பு கேட்பது என்று போகும். 2 அல்லது 3 இருந்தால் இலேசு, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமை. ஆம், இல்லை என்ற இரண்டே பெட்டி இல்லை.

நோன்பில் ஏன் முடிகிறது? நாளின் ஒழுங்கே மாறிவிடுகிறது. ஸஹர், தொழுகை, நோன்பு திறத்தல், தராவீஹ் என்று வேளைகள் நிரம்பியிருக்கின்றன. கூட்டாளிமாரும் அதே ஒழுங்கில் இருக்கிறார்கள். கஞ்சாவை நினைவூட்டும் இடமும் நேரமும் கண்ணில் படுவதில்லை. பெருநாள் இரவில் எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல், நித்திரைக் குழப்பம், பசியின்மை முதல் ஓரிரு நாளில் தொடங்கி, ஒரு கிழமைக்குள் உச்சம் கண்டு, இரண்டு கிழமையளவில் தணியும். ஆகவே கடினமான பகுதியைக் காக்கா ஒவ்வொரு வருடமும் நோன்பின் முதற் பாதியிலேயே கடந்துவிடுகிறார். அதைச் சொல்லிக் காட்டுங்கள், அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். நோன்பின் கடைசிப் பத்து நாளில் கிளினிக்குக்கு நாள் எடுத்து, பெருநாளையும் அடுத்து வரும் 7 நாளையும் யாரோடு, எங்கே கழிப்பது என்று அவரே எழுதட்டும். ஒரு குறிப்பு: தினமும் பாவித்தவரின் சிறுநீரில் கஞ்சா ஒரு மாதம் கழித்தும் தெரியலாம், கொழுப்பில் தங்கும் பொருள் அது. பரிசோதனையில் தெரிந்ததை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார் என்று பாய்ந்துவிடாதீர்கள்.

*

கேள்வி: ஓட்டோ ஓட்டுகிற தம்பி, நரம்பு நோவுக்குக் கொடுக்கிற பிரிகபலின் கப்ஸ்யூலைக் கைநிறையப் போடுகிறான். சில நாள் ட்ரமடோல் என்ற நோவு மாத்திரையும் சேர்த்து. பார்மசி மருந்துதானே, தூளைவிட (ஹெரோயினைவிட) நல்லதுதானே என்கிறான். – சாய்ந்தமருது

பதில்: பிரிகபலின் நல்ல மருந்து, வைத்தியர் எழுதிய அளவில். 75, 150, 300 மில்லிகிராம் என்று வரும். நோயாளிக்குக் கூடிய எல்லையே ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம். கைநிறையப் போடுபவர் அதைப் பல மடங்கு தாண்டிவிடுவார். தனியே எடுத்தால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும். ஓட்டோவில் ஏறுகிறவர்களுக்கும் அது ஆபத்து. சாராயம், ஹெரோயின், ட்ரமடோல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் நித்திரையிலேயே மூச்சு மெதுவாகி நின்றுபோகலாம். ட்ரமடோல் தன் பங்குக்கு வலிப்பையும் கொண்டுவரும்.

இதையும் திடீரென நிறுத்தக் கூடாது. வியர்வை, பதற்றம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பு. ஒரு நாளைக்கு எடுக்கிற மொத்த மில்லிகிராமை முதலில் கணக்கிடுங்கள். கப்ஸ்யூல் எண்ணிக்கை போதாது, அட்டையில் உள்ள அளவோடு பெருக்கிப் பாருங்கள். அதை வைத்து வைத்தியர் குறைப்பு அட்டவணை போடுவார். வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராம் குறைப்பது வழக்கமான வேகம். குறைக்கிற காலத்தில் அட்டைகள் தம்பியிடம் அல்ல, உம்மாவிடம் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியது மட்டும் கைக்குப் போகட்டும். முதற் சில கிழமைக்கு ஓட்டோத் திறப்பும் அப்படியே.

*

கேள்வி: தம்பி ஹெரோயினுக்குப் புனர்வாழ்வு முடித்து அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறார். நல்லா உடம்பு வைத்து, தெளிவாக இருக்கிறார். கையோடு ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் பொறுப்பு வந்து திருந்திவிடுவார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். – ஒரு அக்கா, கல்முனை

பதில்: கலியாணத்தைத் தள்ளி வையுங்கள் அக்கா. குறைந்தது ஒரு வருடம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம், முதலில் உயிர் சம்பந்தமானது.

ஹெரோயினை நிறுத்தினால் 8 முதல் 24 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றோட்டம் தொடங்கும். 2ஆம், 3ஆம் நாளில் உச்சம். ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கும். அதற்கு ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள் பாக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுப்பதும் நோவுக்கு மருந்தும் உதவும். உங்கள் தம்பி அதைத் தாண்டி மாதங்கள் ஆகிவிட்டன. அதற்குள் ஹெரோயினைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்துவிட்டது, மனம் மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கிறது. வெளியே வந்த முதற் சில கிழமைகளில் ஒரே ஒருமுறை பழைய அளவை எடுத்தவர்கள் இறந்துபோகிறார்கள். இதைத் தம்பியிடம் மூடி மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் ஆசை வரும் என்ற பயம் வேண்டாம்.

கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பூத்து, மூச்சு நிமிடத்துக்கு 8, 10 என்று குறைந்து குறட்டை போலக் கேட்டால் அது அளவு மிஞ்சியதன் அடையாளம். உடனே 1990. தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூச்சு நின்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, 5 அல்லது 6 வினாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தானாக மூச்சு விட்டால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். பால், தேசிக்காய்த் தண்ணி, எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வைத்தியசாலையில் நலோக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாம் என்பார். விடாதீர்கள். அந்த ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடந்தான், ஹெரோயின் அதைவிட நின்று மூச்சைத் திரும்ப அடக்கலாம்.

இனிக் கலியாணம். வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினர், 1970களின் தொடக்கத்தில் நாடு திரும்பிய பின் பெரும்பாலும் மீண்டும் அடிமையாகவில்லை. போர்க்களமும் அங்கிருந்த கூட்டாளிமாரும் எளிதாகக் கிடைத்த தூளும் ஊரில் இல்லை. உங்கள் தம்பிக்கு நடப்பது நேர்மாறு. தூள் கிடைத்த அதே சந்திக்குத்தான் திரும்பி வருகிறார். முதல் மாதங்களின் வேலை அந்தச் சந்தியை மாற்றுவது. புதிய சிம், பழைய இலக்கங்கள் இல்லாமல். முடிந்தால் சில மாதம் வேறு ஊரில் மாமா வீட்டில். சம்பளம் அவர் சம்மதத்தோடு உம்மாவின் கணக்கில், அன்றாடச் செலவு மட்டும் கையில். சம்பள நாளும், சண்டைக்குப் பிந்திய மணித்தியாலமும், வேலையில்லாத மாலையும் ஆபத்தான வேளைகள். ஆசை ஓர் அலையாக எழும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த அரை மணித்தியாலத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நல்ட்ரெக்சோன் என்ற மருந்து ஹெரோயின் ஏறாமல் தடுக்கும், 7 முதல் 10 நாள் சுத்தமாக இருந்தவருக்கே தொடங்கலாம். கிளினிக்கில் கேளுங்கள்.

நமது பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். சீதனமாக வரும் வீடும் நகையும் அந்தப் பெண்ணின் வாழ்நாள் பாதுகாப்பு. மீண்டும் தவறினால் முதலில் போவது அந்த நகைதான். பெண் வீட்டாரிடம் மறைத்துச் செய்யும் கலியாணம் இரண்டு பேரை நோயாளியாக்கும். போதை நோயாளர்களில் 40 முதல் 60 வீதமானோர் சிகிச்சைக்குப் பின் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். பிரஷர், ஆஸ்துமா நோயாளர்கள் மருந்து தவறவிட்டு மோசமாவதும் ஏறக்குறைய அதே அளவுதான். சறுக்கினால் மறுநாளே கிளினிக்குக்குத் திரும்ப வேண்டும். புதுமாப்பிள்ளை என்ற மானம் அவரை அங்கே போக விடாது.

*

கேள்வி: கணவருக்கு அரச உத்தியோகம். ஓன்லைன் பெட்டிங்கில் முதலில் கொஞ்சம் வென்றார். இப்போது என் நகை எல்லாம் ஈட்டில். என் பெயரிலும் குழுக் கடன் எடுக்கச் சொல்கிறார், ஒரு பெரிய வெற்றி வந்தால் எல்லாம் மீட்கலாமாம். குடி, புகை ஒன்றும் இல்லாத மனிதர். – மனைவி, திருக்கோவில்

பதில்: ஒரு சொட்டுப் போதைப்பொருள் உள்ளே போகாமலும் அடிமையாகலாம். சூதாட்டத்தை அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் அடிமை நோய்களின் வரிசையிலேயே சேர்த்தது. எப்போது வரும் என்று தெரியாமல் இடையிடையே வரும் வெற்றி, ஒழுங்காக வரும் வெற்றியைவிட ஆழமாகப் பதியும். மயிரிழையில் தவறிய தோல்வியைக்கூட மூளை பாதி வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. முதலில் கொஞ்சம் வென்றதுதான் அவரைப் பிடித்த தூண்டில். இழந்ததை ஆடியே மீட்கப் பார்ப்பது இந்த நோயின் முதன்மையான அடையாளம்.

உங்கள் பெயரில் எந்தக் கடனும் எடுக்க வேண்டாம், பிணை நிற்கவும் வேண்டாம். கடனை ஒரேயடியாக அடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். கடன் தீர்ந்ததும் திரும்ப ஆட இடம் கிடைத்துவிடும். ஒரு நாள் அமர்ந்து எல்லாக் கடனையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஈட்டுச் சீட்டு எந்தத் திகதியில் முடிகிறது. ஏலத்துக்குப் போக இருக்கிற நகை முதலில், வட்டி கூடிய கடன் அடுத்தது. ஈட்டுச் சீட்டுகள் உங்கள் கையில் இருக்கட்டும். அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், அட்டையின் இணையக் கொடுப்பனவை நிறுத்தி, பணம் மாற்றும் எல்லையைக் குறைக்கக் கேளுங்கள். செயலிகளை அழிக்கும் முன் அவற்றின் கணக்கையே மூடச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் திரும்ப இறக்கலாம்.

கடன் வெளியே தெரியவரும் அந்தக் கிழமையில் அவரைத் தனியே விடாதீர்கள். மற்ற அடிமை நிலைகளைப் போலவே இதிலும் தற்கொலை ஆபத்து பெரிது, வெட்கம் அதற்குத் துணை போகும். “சாகலாம் போல இருக்கிறதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

*

கேள்வி: பிள்ளையின் உம்மா கட்டாரில். 15 வயது மகன் இரவிரவாக ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேம். போனை உடைத்துவிடலாமா? – தகப்பன், சம்மாந்துறை

பதில்: உடைக்க வேண்டாம். அவன் உம்மாவோடு கதைப்பதும் அதே போனில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் கேமிங் கோளாறு இருக்கிறது. ஆனால் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே வைப்பது, கெடுதல் கண்டும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் இருந்தால்தான் அந்தப் பெயர். நிறைய விளையாடுகிற எல்லாப் பிள்ளையும் நோயாளி இல்லை.

நித்திரையில் இருந்து தொடங்குங்கள். இரவு 10 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும், வாப்பாவின் போனும், மண்டபத்தில் சார்ஜில். ஆட்டத்தின் நடுவில் பறிக்காதீர்கள். குழுவாக ஆடும்போது நடுவில் விட்டால் கூட்டாளிமாரிடம் பெயர் கெடும், அந்த ஆத்திரம் உங்கள் மேல் பாயும். “இந்த ஆட்டம் முடிய வை” என்றால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டத்துக்குள் காசு கொடுத்து டயமண்ட் வாங்கும் வழியை மூடுங்கள், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் மாற்றலாம். உம்மாவிடம் பேசி, பிள்ளைக்கென்று தனியாகக் காசு அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். பின்னேரத்தில் மைதானமோ வாப்பாவோடு கடையோ, நேரத்துக்கு ஒன்று வேண்டும். போன் பறிபோன வெறும் பின்னேரம் அவனைத் திரும்ப அங்கேயே அனுப்பும்.

*

கேள்வி: வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனால் பொலிசில் பிடித்துக் கொடுப்பார்களா? நாங்களே பிடித்துக் கொடுத்தால் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புவார்களா? – அக்கரைப்பற்று

பதில்: சிகிச்சை தேடிப் போவது குற்றமல்ல. கிளினிக்கில் அவர் நோயாளி. பொருளைக் கையில் கொண்டுபோகாதீர்கள், வீட்டிலும் வைத்திருக்காதீர்கள், வைத்திருப்பதுதான் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருந்தால் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரை போகலாம். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், சிகிச்சைக்குத் தானாக விரும்பிச் சேர்வதற்கும், அரச வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு நீதவான் உத்தரவில் கட்டாயமாகச் சேர்ப்பதற்கும் இடம் தருகிறது. முதலாவது வழியையே முதலில் முயலுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பொலிஸ் வழியை, வீட்டில் வேறு யாருடைய உயிருக்கும் ஆபத்து வந்த வேளைக்கு வையுங்கள்.

*

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர் சிலரின் பையில் மாவா, பாபுல் கிடைக்கிறது. இதுவும் போதையா, வெறும் பாக்குத்தானே? – ஓர் ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: போதைதான், அதில் புகையிலையின் நிக்கொட்டினும் பாக்கின் அரிக்கோலினும் சேர்ந்திருக்கின்றன. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. கலியாண வீட்டுத் தட்டத்தில் பார்த்துப் பழகிய பொருள் என்பதால் பெற்றோருக்கு இது உறைப்பதில்லை. தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்புறம் வெளிறி நாராக இறுகி, வாய் திறப்பது குறையும். இறுகியது மெல்லுவதை நிறுத்தினாலும் முழுதாகத் திரும்புவதில்லை, ஆனால் மேலும் இறுகாமல் தடுக்கலாம்.

வகுப்பிலேயே பார்க்கலாம் ரீச்சர். மாணவர் தன் மூன்று விரல்களை நிமிர்த்திச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வைக்கட்டும். மூன்றும் போகாதவரும், உறைப்புக் கறி வாயில் எரிகிறது என்பவரும், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் உள்ளவரும் பல் வைத்தியரிடம் போக வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாகச் செய்யுங்கள், குறித்த பிள்ளையைத் தனியே எழுப்ப வேண்டாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் விற்பனை நடந்தால், கடையின் பெயரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை அதிபரிடம் வையுங்கள்.